மதினியின் ஏழு கிலோ

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பைக்கடை வாசல். என் மதினி ஓர் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் எடுத்து நீட்டும் முதுகுப்பைகளை ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கிப் பார்க்கிறார். உள்ளே இறங்கினால் வலது பக்கம். இடித்தால் இடது பக்கம். கடைக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "இன்னாம்மா, பை வாங்க வந்தியா, பைக்குப் பொண்ணு பாக்க வந்தியா?" என்றார். மதினி தலையை நிமிர்த்தவில்லை. "பொண்ணு பாக்கறதுன்னா சும்மாவா நைனா? பஜ்ஜி சொஜ்ஜி இருந்தா கொண்டா, துன்னுகினே பாக்கறேன்" என்றார். பக்கத்துக் கடை வளையல்காரம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் கூச்சத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் எந்த ஊரில் எந்தப் பைக்கடையைக் கடந்தாலும் அந்த வாசல் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. மணிமங்கலத்தில் பிறந்து, மணிமங்கலத்திலேயே வாக்கப்பட்டவர். நான் தென்காசிப் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்து, வேலைக்குப் போன இடத்தில் இவர் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். முதல் நாள் எங்கள் ஊர் வழக்கப்படி "மதினி" என்று கூப்பிட்டதும், "அது இன்னாடி மதினி? அண்ணின்னு சொன்னா வாய் கோணிக்குமா?" என்று கேட்டார். மறுநாள் நான் "அண்ணி" என்று கூப்பிட, "வோணாம் வோணாம், மதினியே ஷோக்கா கீது, அப்டியே கூப்டு" என்றார். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் வைத்த பெயர் "தென்காசி". நாத்தனார் என்றாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு குறை சொல்ல வருகிறவள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்குக் கிடைத்த நாத்தனார் தோளில் கைபோட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறவர். கொடுத்து வைத்தவள் நான், வேறென்ன சொல்ல?

இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை. கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டாகக் கட்டிக்கொடுக்கும் இடம். கம்பி முனையில் ஒரு பிளாஸ்டிக் கவ்வி மாட்டவேண்டும். அதை முன்னும் பின்னும் மாற்றி மாட்டினால் வண்டியில் விளக்கு எரியாது. மாட்டியபின் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது என்பதுதான் அதில் பெரிய பேஜார். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கண் சொக்கினால் போதும், தப்பாகப் போய்விடும், சூப்பர்வைசர் கத்துவார். மதினி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பலகையில் ஒரு சின்னக் குழி, அதன்மேல் கீல் வைத்த மூடி, உள்ளே ஒரு ஸ்பிரிங். கவ்வியைச் சரியாக வைத்தால் மூடி டக்கென்று மூடும். மாற்றி வைத்தால் எவ்வளவு அழுத்தினாலும் மூடாது. "கண்ணு தூங்கலாம், மூடி தூங்காது" என்று அதற்கு விளக்கம் வேறு சொல்வார். அந்த மூடி எங்கள் லைனுக்கு வந்தபிறகு தப்பு என்ற பேச்சே நின்றுபோனது.

இந்த யோசனையைப் புனேயில் நடக்கும் தொழிலாளர் போட்டிக்கு அனுப்ப கம்பெனி முடிவெடுத்தது. சூப்பர்வைசர், மதினி, கம்ப்யூட்டரில் படம் ஓட்டிக்காட்ட நான் என்று மூன்று பேர். சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. பிறந்தநாளுக்கு லைன் முழுக்கக் கேக் வாங்கித் தருகிறவர்தான். ஆனால் மேடை, மைக் என்றால் அது தனக்கென்றே செய்தது என்று அவருக்கு ஓர் எண்ணம். அதோடு, கம்பெனி எடுத்த டிக்கெட்டில் பெட்டி போட வழியில்லை. கையோடு கொண்டுபோகும் ஏழு கிலோ பை ஆளுக்கு ஒன்று மட்டும்தான். "அந்த மூடி மாடலையெல்லாம் ஃப்ளைட்ல தூக்கிட்டுப் போக முடியாதும்மா. போட்டோ காட்டி நான் பேசிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பொட்டி படுக்கையோட வந்து நிக்காம இருந்தாலே போதும்" என்றார்.

மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. போட்டோவை வைத்துக்கொண்டு அவர் பேசினால் அது அவருடைய பேச்சு. மாடலை மேடையில் வைத்தால்தான் அது மதினியின் பேச்சு. மூடியைத் திறந்து மூடிக் காட்ட இவர் கைதான் வேண்டும். இது எங்கள் மூவருக்குமே தெரியும். மதினி எழுந்து நின்று கேட்டார்: "சரி சார். மாடலு என் பைக்குள்ள போயி, அந்தப் பையி ஃப்ளைட்டுக்குள்ள போயிட்ச்சின்னா? அப்ப யாரு பேசறது?" சுற்றி லைன் பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களே பேசுங்கம்மா, நான் ஓரமா நிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் காதுபடச் சொன்ன வார்த்தை. இனி எல்லாம் ஒரு நல்ல பை கிடைப்பதில் இருந்தது.

வீட்டில் பைக்கா பஞ்சம்? ஆயுதபூஜைக்கு கம்பெனி கொடுத்த நீலப் பை ஆளுக்கு ஒன்று கிடந்தது. எங்கள் தொழிற்பேட்டையில் பொங்கலுக்கு முந்தின நாள் தெற்கே போகும் எந்தப் பஸ்ஸைப் பார்த்தாலும் அந்த மாதிரிப் பைகள்தான் மடியிலும் காலடியிலும் இருக்கும். அடையாளத்துக்கு ஒருத்தி சிவப்பு ரிப்பன் கட்டுவாள், ஒருத்தி சாவிக்கொத்து தொங்கவிடுவாள். நானும் அப்படி ஒரு பையில் தம்பிக்குச் சட்டை, அம்மாவுக்குப் புடவை, சித்தி மகளுக்கு டிபன் பாக்ஸ் என்று திணித்து, என் மாற்றுத்துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனவள்தான். பெண்கள் பயணம் போனால் பெரிய பை வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பையில் அவளுடைய சாமான் கால்வாசிகூட இருக்காது. மதினி அந்த நீலப் பையைத் தூக்கிப் பார்த்து, "இது நாலு பேருக்குத் தூக்கற பை. எனக்கு ஒருத்திக்குத் தூக்கற பை வோணும்" என்று மூலையில் போட்டார்.

அதனால்தான் அட்டைப்பெட்டி. விமானக் கம்பெனி சொன்ன நீள அகலத்தில் பழைய பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, எங்கள் லைனில் பாகங்களைச் சோதிக்கும் அளவுச் சட்டம் போல ஒன்றைச் செய்துகொண்டார். உள்ளே இறங்கினால் சரக்கு, இறங்காவிட்டால் கழிவு. படப்பையில் இரண்டு கடை, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று, கடைசியில் தாம்பரம். ஒரு வழியாக வலது பக்கத்தில் இரண்டே இரண்டு பைகள் மிஞ்சின. ஒன்று மெரூன் நிறம். முன்னால் மூன்று ஜிப், பக்கத்துக்கு ஒரு பாட்டில் பை, உள்ளே பேனாவுக்குக்கூடத் தனி அறை. இன்னொன்று சாம்பல் நிறம். அறையும் இல்லை அலங்காரமும் இல்லை, சூட்கேஸ் மாதிரி மூன்று பக்கமும் ஜிப் ஓடி அப்படியே விரிந்து படுத்துவிடும். கடைக்காரரே அதைச் சிபாரிசு செய்யவில்லை; ரொம்ப நாளாகப் போகாத சரக்கு போலிருக்கிறது. மெரூனைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்ததுமே மதினிக்கு மனம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். "அள்ளிக்கிட்டுப் போகுது மதினி, எடுத்துக்கிடுங்க" என்று நானே ஏற்றிவிட்டேன்.

எங்கள் தொழிலில் ட்ரையல் பார்க்காமல் எதையும் ஓட்டமாட்டார்கள். மதினியும் பைக்கு ட்ரையல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாடல், மாற்றுத்துணி, எல்லாவற்றையும் மெரூன் பையில் அடைத்து முதுகில் போட்டுக்கொண்டு, "கெளம்புடி தென்காசி, மகாபலிபுரம் போய்ட்டு வரலாம்" என்றார். பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கல்யாணமானபின் அவர் அங்கே போனதெல்லாம் இடுப்பில் பிள்ளை, கையில் புளிசாதத் தூக்கு, பின்னால் மாமியார் என்று ஒரு படையோடுதான். இப்போது இரண்டு கையும் சும்மா வீசிக்கொண்டு கடற்கரை மணலில் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, தன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு கையும் காலியா கீது, இன்னா பண்றதுன்னே தெரியலடி" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு மாங்காய் பத்தை வாங்கிக் கைக்கு வேலை கொடுத்தார். எனக்கு அந்த நிமிஷம் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

ஆனால் பையின் குணம் அங்கேயே தெரிந்துவிட்டது. அடியில் கிடந்த துண்டை எடுக்க வேண்டுமென்றால் மேல் வாயில் கைவிட்டு மாடல், புடவை, சீப்பு எல்லாவற்றையும் மணலில் கொட்டவேண்டியிருந்தது. கொட்டியதைத் திரும்ப அடைத்தால் ஜிப் அழுதது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தன் தம்பியிடம் பெருமை காட்ட அட்டைப்பெட்டியில் பையை இறக்கினார். இறங்கவில்லை. முட்டியால் அழுத்தினார். பெட்டி கிழிந்துபோனது. முன்னால் இருந்த அந்த அழகான மூன்று அறையும் பருத்த வயிறு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன.

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ, காலிப் பையை அளந்துகினு வந்துட்டேனே! காலிப் பையா ஃப்ளைட்ல போவப் போவுது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அளவுச் சட்டமும் கையுமாகவே வருஷக்கணக்கில் நின்றவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தப்பு வரும். எங்கள் கைக்கு வரும் பிளாஸ்டிக் பாகம் சோறு தின்னாது, வீங்காது. காலையில் இருந்த அளவுதான் மாலையிலும். பை அப்படியா? டிப்ளமா படித்த எனக்கும் அது தோன்றவில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் மெல்ல, "வுடேன்க்கா, சாரே பேசிட்டுப் போவட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் மதினியை எழுப்பியது. "ஏன்டா, ஊமைன்னு நெனச்சியா உன் அக்காவ? கம்முனு கெட" என்று அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே தாம்பரம். விற்ற சரக்கை எடுக்கமாட்டேன் என்று கடைக்காரர் கறாராக நின்றார். மதினி அவரிடம் சண்டை போடவில்லை. புதிதாக ஒட்டிய அட்டைப்பெட்டியை வாசலில் வைத்தார், மாடலை மேசைமேல் வைத்தார், விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். போட்டி, சூப்பர்வைசர், மைக், எல்லாம். சொல்லிக்கொண்டே அந்தச் சாம்பல் பையை இறக்கி, தரையில் விரித்து, நடுவில் மாடலை வைத்து, சுற்றிலும் புடவையை மெத்தையாகச் செருகி, மேலே யூனிஃபார்மை மடித்துப் பரப்பி, ஜிப்பை ஓட்டினார். பை நிறைந்தது, துருத்தவில்லை. பெட்டிக்குள் இறக்கினார். தொட்டுக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. கடைக்காரர் தன்னை மறந்து, "அட்றா சக்கை!" என்று கைதட்டிவிட்டார். பிறகு என்ன, மெரூனை வாங்கிக்கொண்டு சாம்பலைக் கொடுத்தார். "ஜெயிச்சிட்டு வந்து சொல்லணும்மா, நான் கட போர்டுலயே எழுதிக்கறேன்" என்று வேறு சொன்னார். திரும்பும் வழியில் பழைய பேப்பர் கடைத் தராசில் பையை வைத்துப் பார்த்தோம். ஏழுக்கு அரைக் கிலோ குறைவாகவே இருந்தது.

ஊருக்குப் போவது தெரிந்து அக்கம்பக்கத்தார் முறுக்கும் ஊறுகாயும் கொண்டுவந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மதினி கல்நெஞ்சக்காரியாகிவிட்டார். "புனேல கடையே இல்லாம கீதா? எல்லாத்தையும் நீங்களே துன்னுங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்.

விமான நிலையத்தில் சூப்பர்வைசர் ஆயுதபூஜை நீலப் பையோடு வந்து நின்றார். அவர் வீட்டம்மா அன்பு முழுவதையும் அதில் அடைத்திருந்தார்; சப்பாத்தி, தக்காளித் தொக்கு, இட்லிப் பொடி, இரண்டு நாளைக்கு ஐந்து சட்டை. எடை பார்க்கும் பெண் தலையை ஆட்டிவிட்டாள். பாவம், மனிதர் ஒரு சட்டைமேல் இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றார். அப்படியும் கொஞ்சம் மிஞ்சியது. பொட்டி படுக்கை என்று சொன்ன வாயல்லவா, எனக்கு நாக்கு நமநமவென்றது. மதினி என் கையைக் கிள்ளி அடக்கிவிட்டு, "அந்தப் பொடி டப்பாவ இப்டி குடு சார், என் பையில எடம் கீது" என்றார். அரைக் கிலோ இடத்தில் சூப்பர்வைசர் வீட்டு இட்லிப் பொடி ஏறிக்கொண்டது. அதன்பிறகு அவர் மதினியை "வாங்க போங்க" என்பதோடு "மேடம்" என்றும் சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்து சோதனைக் கூடம். எங்கள் சாம்பல் பை கருவிக்குள் போனது, வெளியே வரவில்லை. ஸ்பிரிங், கம்பி, கீல் வைத்த பெட்டி. திரையில் அது என்ன மாதிரித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வடக்கத்திக் காவலர் ஒருவர் முகத்தை இறுக்கிக்கொண்டு பையைத் தனி மேசைக்குக் கொண்டுபோனார். சூப்பர்வைசர் கம்பெனிக் கடிதத்தைத் தேடிப் பை பையாகத் துழாவினார். மதினியோ முன்னால் போய் ஜிப்பை ஓட்டிப் பையை விரித்தார். ஒன்றையும் வெளியே கொட்டவேண்டியிருக்கவில்லை. தட்டில் பரிமாறியதுபோல எல்லாம் கண்ணெதிரே. ஒரு கவ்வியை எடுத்துக் காவலர் கையில் கொடுத்து, "வைய்யி" என்று சைகை காட்டினார். அவர் மாற்றி வைத்தார். மூடி மூடவில்லை. மதினி ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவர் திருப்பி வைத்தார். டக். காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார், பக்கத்துக் காவலரையும் கூப்பிட்டுக் காட்டினார். கடிதம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அதையும் படித்துவிட்டு, வணக்கம் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று பிற்பகல் புனேயில் மேடை. இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ பேசவேண்டும் என்று அங்கே போனபிறகுதான் சொன்னார்கள். இது போதுமே, மைக் சூப்பர்வைசரிடம் போய்விட. அவர் வாங்கிக்கொள்ள நல்ல சாக்கு, யாரும் குறை சொல்லமுடியாது. மதினியும் அவரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மைக்கை எடுத்தார். எடுத்து மதினி கையில் கொடுத்துவிட்டு, "நீங்க தமிழ்லயே பேசுங்க மேடம். நீங்க சொல்றத நான் இங்கிலீஷ்ல சொல்றேன்" என்று ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

மதினி பேசினார். மணிமங்கலத்துப் பேச்சு, புனே அரங்கு முழுக்க. "ஷிஃப்ட் முடியற டைம்ல கண்ணு சொக்கும் சார். அது மன்ஷன் ஒடம்பு. திட்டிகினே இருந்தா மட்டும் தூக்கம் போயிடுமா?" சூப்பர்வைசர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார், திட்டியதையும் விடாமல் சொன்னார். கடைசியில் நடுவர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கவ்வியை வைக்கச் சொன்னார் மதினி. அவர் மூன்று தடவை மாற்றி வைத்தார், மூன்று தடவையும் மூடி மறுத்துவிட்டது. நான்காவது தடவை டக்கென்ற சத்தம் மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் அடங்கவே இல்லை. முதல் பரிசு எங்களுக்கு என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த நடுவர் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரின் கையைப் பிடித்து, அருமையான யோசனை என்று இங்கிலீஷில் பாராட்டினார். சூப்பர்வைசர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "நோ சார். ஐடியா இவங்களோடது. நான் வெறும் ட்ரான்ஸ்லேட்டர்" என்று மதினியைக் காட்டினார். நடுவர் மதினி பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். மதினி என்னைப் பார்த்தார். "என்ன மதினி பாக்குதீங்க, கையக் குடுங்க" என்றேன். மைக்கை என்னிடம் தந்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த மனிதர் தோள் குலுங்கும்படி ஒரு குலுக்குக் குலுக்கினார்.